ஹாலுக்கு ஏற்ற டீப்பாய்: அளவெடுப்பதிலிருந்து இறக்கி வைப்பது வரை

கடையில் நிற்கும் எந்த டீப்பாயும் உள்ளதைவிடச் சிறியதாகத்தான் தெரியும். மேலே உயரமான கூரை, சுற்றிலும் திறந்த தரை, பக்கத்தில் அதைவிடப் பெரிய மேசைகள். அதே டீப்பாய் வீட்டில் சோபாவுக்கும் டிவி அலமாரிக்கும் நடுவே வந்து உட்கார்ந்ததும், ஆட்கள் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி நடக்க ஆரம்பிக்கிறார்கள். முழங்கால் இடிக்கிறது, கோப்பை எட்டவில்லை, டிராயர் முழுதாகத் திறக்கவில்லை என்பவைதான் வாங்கியபின் வரும் வழக்கமான புலம்பல்கள். மூன்றுக்கும் மரத்தோடும் நிறத்தோடும் சம்பந்தமில்லை. மூன்றும் அளவுப் பிழைகள்.

அதனால் இங்கே வரிசை கொஞ்சம் தலைகீழாக இருக்கும். காலியாக விட வேண்டிய இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அதைக் கழித்தபின் மிஞ்சுவதுதான் மேசையின் அளவு. வடிவம், பொருள், பாலிஷ் எல்லாம் அதற்குப் பிறகு.

முதல் படி: இடைவெளிகளைக் குறியுங்கள்

ஒரு டேப், ஒரு தாள், ஒரு பேனா போதும். சோபாவை எங்கே வைப்பீர்களோ அங்கேயே வைத்துவிட்டு அளக்க வேண்டும். ‘பிறகு கொஞ்சம் நகர்த்திக்கொள்ளலாம்’ என்று மனக்கணக்குப் போடாதீர்கள். சோபாவுக்குப் பின்னால் ஜன்னல் திரையும் பிளக் பாயிண்ட்டும் இருப்பது அப்போது நினைவுக்கு வராது.

சோபா இருக்கையின் முன்விளிம்பிலிருந்து டீப்பாய் விளிம்பு வரை 35 முதல் 45 செ.மீ. விடுங்கள். 35-க்குக் கீழே போனால் உட்கார்ந்திருப்பவர் எழுந்திருக்கும்போது முழங்கால் இடிக்கும்; காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டுதான் எழ வேண்டும். 45-ஐத் தாண்டினால் கோப்பையை வைக்கச் சாய்மானத்தை விட்டு முன்னால் வளைய வேண்டும். கால் நீளமானவர்கள் உள்ள வீட்டில் 45 பக்கம் சாயலாம். முதியவர்கள் அடிக்கடி எழுந்து உட்காரும் வீட்டில் 40 நல்ல நடுநிலை.

டீப்பாயின் மறுபக்கம் நடைபாதை என்றால் 75 முதல் 90 செ.மீ. ஒருவர் எப்போதாவது நுழைந்து போகும் வழி மட்டும் என்றால் 60 செ.மீ. தாங்கும். டிவி அலமாரிக்குக் கதவோ டிராயரோ இருந்தால் அதை முழுதாக இழுத்துத் திறந்து, அதற்கு முன்னால் ஒருவர் குனிந்து நிற்கும் இடத்தையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். எதிரில் நாற்காலி போட்டிருந்தால் அந்தப் பக்கமும் சோபா பக்கம் போலவே 35–45 போதும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஹாலின் குறுக்கு அகலம் 300 செ.மீ. சோபாவின் ஆழம் 90, சுவருக்கும் சோபாவுக்கும் இடையே 5, டிவி அலமாரியின் ஆழம் 40. மொத்தம் 135 போக மிச்சம் 165. அதில் சோபாப் பக்கம் 40, அலமாரிப் பக்கம் 75 கழித்தால் 50. ஆக, இந்த ஹாலுக்கு 50 செ.மீ. அகலத்துக்கு மேல் டீப்பாய் ஆகாது. கடையில் மிகப் பரவலாகக் கிடைக்கும் 60 செ.மீ. அகல மேசை இங்கே நடைபாதையில் 10 செ.மீ. தின்றுவிடும்.

அதே கணக்கில் ஹால் 260 செ.மீ. என்றால் மேசைக்கு மிஞ்சுவது வெறும் 10 செ.மீ. விடை எளிது: நடுவில் டீப்பாய் வேண்டாம். சோபாவின் கைப்பிடி ஓரம் ஒரு பக்க மேசை, அல்லது அடிப்பகுதி சோபாவுக்கு அடியில் நுழைந்து மேல்பலகை மட்டும் மடிக்கு முன்னால் நிற்கும் குறுகலான மேசை வாங்கலாம். ‘ஹால் என்றால் டீப்பாய் இருந்தே ஆக வேண்டும்’ என்று சட்டம் எதுவும் இல்லை. இந்தக் கணக்கில் தோற்ற ஹாலில் எவ்வளவு அழகான மேசையை வைத்தாலும் அது தடங்கல்தான்.

சாய்வு சோபா இருந்தால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கால்தாங்கியை முழுதாக நீட்டிவிட்டு அதன் நுனியிலிருந்து அளக்க வேண்டும். மடித்த நிலையில் அளந்துவிட்டு வாங்கினால், ஒவ்வொரு முறை சாயும்போதும் மேசையை எட்டி உதைத்துத் தள்ள வேண்டியதுதான்.

இரண்டாம் படி: உயரம்

மேசையின் மேற்பரப்பு, சோபா இருக்கையின் உயரத்துக்குச் சமமாகவோ 2 முதல் 5 செ.மீ. தாழ்வாகவோ இருக்கட்டும். பெரும்பாலான சோபாக்களின் இருக்கை 40 முதல் 48 செ.மீ. உயரத்தில் வருவதால், டீப்பாய்கள் 38 முதல் 45 செ.மீ. என்ற எல்லைக்குள்ளேயே செய்யப்படுகின்றன.

இங்கே பலரும் சறுக்கும் ஓர் இடம் உண்டு. காலியான சோபாவை அளந்துவிடுகிறார்கள். மெத்தை ஆள் எடையில் அமுங்கும். மென்மையான பஞ்சு என்றால் 5 செ.மீ.-க்கு மேலும் இறங்கும். 45 என்று அளந்த இருக்கை உண்மையில் 40-தான். அப்போது 45 செ.மீ. டீப்பாய், உட்கார்ந்திருப்பவருக்கு 5 செ.மீ. மேடாகத் தெரியும். ஒருவரை உட்காரவைத்து, அவர் தொடைக்குப் பக்கத்தில் மெத்தை எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தால் சரியான எண் கிடைக்கும்.

டீப்பாய்மேல் காலை நீட்டும் பழக்கம் வீட்டில் இருந்தால் (மறைக்க வேண்டியதில்லை, பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது) இருக்கையைவிட 3–5 செ.மீ. தாழ்வான மேசை குதிகாலுக்கும் இடுப்புக்கும் சுகம். மடிக்கணினியில் வேலை செய்யவோ தட்டு வைத்துச் சாப்பிடவோ வேண்டுமென்றால் சாதாரண டீப்பாய் எந்த உயரத்திலும் சரிப்படாது. முதுகு வளைந்தே தீரும். அதற்கு மேல்பலகை எழும்பும் வகைதான் வழி. அதைப் பின்னால் தனியாகப் பார்ப்போம்.

மூன்றாம் படி: நீளமும் கை எட்டும் தூரமும்

நீளம் சோபாவின் நீளத்தில் பாதிக்கும் மூன்றில் இரண்டு பங்குக்கும் இடையே இருந்தால் கண்ணுக்கும் கைக்கும் பொருந்தும். 210 செ.மீ. சோபாவுக்கு 105 முதல் 140. அதைவிடக் குறைந்தால் சோபாவின் இரு ஓரங்களில் உட்காருபவர்களுக்கு எட்டாது. சோபா அளவுக்கே நீண்டால் சுற்றி வர வழி இல்லாமல், உள்ளே போனவர் கடைசிவரை அங்கேயே அடைபட்டுக் கிடப்பார்.

சோபா ஒரு பக்கம் மட்டும் இருந்தால் 50–60 செ.மீ. அகலமே தாராளம். இரண்டு சோபாக்கள் எதிரெதிராக இருந்தால் 70–80 வரை போகலாம். 90-ஐத் தாண்டிய மேசையின் நடுப்பகுதி யார் கைக்கும் எட்டாது. பூச்சாடியும் பழைய பத்திரிகைகளும் சேரும் இடமாகிவிடும்.

எல் வடிவ சோபாவில் அளக்க வேண்டியது சோபாவின் முழு நீளத்தை அல்ல, உள்மூலையில் கிடைக்கும் வெற்றிடத்தை. நீண்ட கால்நீட்டுப் பகுதியின் உள்விளிம்பிலிருந்து மறுமுனை வரை அளந்து, இரு பக்கமும் 40 செ.மீ. கழியுங்கள். பெரும்பாலும் மிஞ்சுவது சதுரத்துக்கு நெருக்கமான ஓர் இடமாக இருக்கும். 80×80 சதுரமோ 80–90 செ.மீ. விட்டமுள்ள வட்டமோ அங்கே கச்சிதமாக உட்காரும். நீள மேசையை எல் வடிவத்துக்குள் போட்டால் ஒரு கை எட்டும், மறு கை எட்டாது.

நான்காம் படி: வடிவம்

நீள்சதுரம் நேர் சோபாவுக்கு இயல்பான துணை. அதிகப் பரப்பும் அதில்தான் கிடைக்கும். வட்டத்தில் இடிக்கும் முனை இல்லை, எந்தப் பக்கமிருந்தும் சுற்றி வரலாம். ஆனால் அதே அகலமுள்ள சதுரத்தைவிடப் பரப்பு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையும். நீள்வட்டம் இரண்டுக்கும் நடுவே: நீளமும் உண்டு, முனையும் இல்லை. குறுகலான ஹாலில் நடைபாதை டீப்பாயின் மூலையை ஒட்டியே திரும்புகிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம், நீள்வட்டம்தான்.

நடைபழகும் குழந்தை உள்ள வீட்டில் மேசையின் மூலை சரியாகக் குழந்தையின் முகமட்டத்தில் நிற்கிறது. ஒட்டும் ரப்பர் மூலைக்காப்புகள் சில வாரங்களில் பசை விட்டு உரிந்துவரும். குழந்தையே பிய்த்தும் போடும். உருண்டை விளிம்பு கொண்ட மேசையோ, மேலே தட்டு வைத்துப் பயன்படுத்தும் மெத்தை இருக்கையோ நிரந்தரத் தீர்வு.

முதியவர்களுக்குப் பார்க்க வேண்டியது வேறு. எழும்போது டீப்பாயில் கை ஊன்றுவது வழக்கம். நடுத்தண்டு ஒன்றின்மேல் நிற்கும் மேசையில் ஓரத்தில் கை ஊன்றினால் அது சாயும். நான்கு மூலையிலும் கால் உள்ள கனமான மேசையே பாதுகாப்பு. பார்வை மங்கியவர்களுக்குத் தெளிவான கண்ணாடியின் விளிம்பு தெரியாது. கண்ணாடிதான் வேண்டுமென்றால் சுற்றிலும் சட்டம் தெரியும்படி எடுங்கள்.

ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஜோடி மேசைகளைச் சிறிய ஹால்காரர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். சாதாரண நாளில் ஒன்றின் இடம்தான் அடைபடும். ஆட்கள் வந்தால் இரண்டாகும். வாங்குமுன் சிறியதை உள்ளே தள்ளி வெளியே இழுத்துப் பாருங்கள். கால்கள் உரசினால் பாலிஷ் உரிவது வெகு சீக்கிரம் நடக்கும்.

ஐந்தாம் படி: மாதிரி போட்டு இரண்டு நாள் வாழ்ந்து பாருங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள். நீங்கள் முடிவு செய்த நீள அகலத்தில் பழைய அட்டைப்பெட்டிகளை அடுக்கி, அதே உயரம் வரும்படி செய்து, மேலே ஒரு அட்டையை ஒட்டி வையுங்கள். தரையில் மாஸ்க்கிங் டேப்பால் கோடு மட்டும் போட்டால் போதாது. கோட்டை மிதித்துக்கொண்டு நடந்துவிடுவோம், அதனால் இடைஞ்சல் தெரியாது. பெட்டி என்றால் கால் தானாகச் சொல்லும்.

இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுங்கள். இரவில் விளக்கைப் போடாமல் தண்ணீர் குடிக்கப் போகும் வழி, துணி உலர்த்தக் கூடையோடு போகும் வழி, குழந்தைகள் தரையில் உட்கார்ந்து விளையாடும் இடம் எல்லாம் அதில் பிடிபடும். பெட்டி இடம் மாறியே கிடந்தால், யார் எந்தப் பக்கம் தள்ளினார்கள் என்று கவனியுங்கள். அந்தப் பக்கத்தில்தான் அளவைக் குறைக்க வேண்டும்.

ஆறாம் படி: அடியிலும் உள்ளேயும் என்ன வேண்டும்

டிராயர் உள்ள மேசை என்றால் அது எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். சோபாப் பக்கம் 40 செ.மீ. இடைவெளி விட்டிருக்கிறீர்கள், உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். 35 செ.மீ. நீளும் டிராயர் அங்கே பாதிதான் திறக்கும். குறுக்கு முனையில் திறக்கும் டிராயரோ, இரு பக்கமும் தள்ளக்கூடிய டிராயரோ நடைமுறைக்கு உகந்தது. டிராயரை முழுதாக இழுத்துக் கீழ்ப்பலகையை விரலால் அழுத்துங்கள். 3 மி.மீ. அட்டை போல வளைந்தால் ரிமோட்டைத் தவிர வேறெதையும் அதில் போட முடியாது.

கீழ்த்தட்டு வேண்டுமென்றால் மேல்பலகைக்கும் அதற்கும் நடுவே குறைந்தது 18–20 செ.மீ. இருக்கட்டும். தரைக்கும் கீழ்த்தட்டுக்கும் இடையே 5 செ.மீ. மட்டும் இருக்கும் வடிவங்கள் உண்டு. அங்கே துடைப்பமும் நுழையாது, கையும் நுழையாது, தூசி மட்டும் நுழையும். தானாக ஓடித் தரை கூட்டும் ரோபோ வைத்திருப்பவர்கள் அதன் உயரத்தை அளந்து (பல மாடல்கள் 8–10 செ.மீ. இருக்கும்) அதைவிட 2 செ.மீ. கூடுதலாகத் தரை இடைவெளி பாருங்கள். இல்லையென்றால் தரையோடு முற்றிலும் ஒட்டிய பெட்டி வடிவம் எடுங்கள். நடுவாந்தரமான இடைவெளியில்தான் இயந்திரம் சிக்கிக்கொண்டு கத்தும்.

மேல்பலகை எழும்பும் வகையில், பலகை முன்னால் நகர்ந்துகொண்டே 60–65 செ.மீ. உயரத்துக்கு வரும். எடை முழுக்க முன்பக்கம் சாய்வதால் அடிப்பெட்டி கனமாக இருக்க வேண்டும். கடையிலேயே பலகையை உயர்த்தி, முன்விளிம்பில் இரு உள்ளங்கைகளையும் ஊன்றி அழுத்துங்கள். பின்கால் தரையை விட்டு எழும்பினால் வேண்டாம். அடுத்து, கீல் எதில் திருகப்பட்டிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். பார்ட்டிகிள் போர்டில் (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த தூள் பலகை) குட்டைத் திருகுகளால் மாட்டியிருந்தால், தினமும் தூக்கி இறக்கும் விசையில் திருகுகள் துகளோடு பிடுங்கிக்கொண்டு வரும். பிளைவுட்டோ கெட்டி மரமோ கீலுக்கு அடியில் இருக்க வேண்டும். இறக்கும்போது கடைசி சில சென்டிமீட்டரில் தானாக வேகம் குறைகிறதா என்பதும் முக்கியம். சடாரென்று விழும் கீலில் விரல் நசுங்கும்.

ஏழாம் படி: பொருள்

கெட்டி மரம் முதலில். தேக்கு, ரோஸ்வுட், ஓக், வால்நட், ரப்பர் மரம், மாமரம், எது ஆனாலும் ஒன்று பொது: மரம் காற்றின் ஈரத்தைக் குடித்து விரியும், உலர்ந்தால் சுருங்கும். இது மர ரேகைக்குக் குறுக்கே நடக்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. 60 செ.மீ. அகலப் பலகை, மழைக்கும் கோடைக்கும் இடையே சில மில்லிமீட்டர் அசையும். இந்த அசைவுக்கு இடம் விடாமல் மேல்பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு பசை போட்டு இறுக்கியிருந்தால், முதல் நீண்ட வறட்சியிலோ முதல் ஏசி கோடையிலோ பலகை நடுவே வெடிக்கும். மேசையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். திருகுத் துளைகள் நீள்வட்டமாக இருக்கின்றனவா, அல்லது வளைந்த சிறு உலோகப் பட்டைகளோ மரக்கட்டைகளோ சட்டத்தில் வெட்டிய காடிக்குள் நழுவும்படி பிடித்திருக்கின்றனவா? இருந்தால் செய்தவருக்கு வேலை தெரியும் என்று அர்த்தம்.

இரும்புச் சட்டத்தில் கெட்டி மரப்பலகை பொருத்திய மேசைகளில் இந்தத் தவறு அதிகம். இரும்பு அசையாது, மரம் அசையும், நடுவில் திருகு மாட்டிக்கொள்ளும்.

வெனீர் என்பது அசல் மரத்தின் மெல்லிய படலத்தைப் பிளைவுட்மேலோ எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) மேலோ ஒட்டுவது. அதை மட்டம் என்று ஒதுக்க வேண்டாம். பலகை வளையாமல் நிற்பதில் அது கெட்டி மரத்தைவிடத் தேவலை. ஆனால் ஆழமாகக் கீறினால் இழைத்துச் சரிசெய்ய அங்கே மரம் மிச்சமிருக்காது. லேமினேட் (பலகைமேல் ஒட்டும் மெல்லிய செயற்கைத் தகடு) கீறலுக்கும் கறைக்கும் நன்றாகவே தாங்கும். அதன் பலவீனம் விளிம்பில். ஓரப்பட்டையை நகத்தால் மெல்ல நெம்பிப் பாருங்கள். இடுக்கு தெரிந்தால் சிந்திய தண்ணீர் அதன் வழியே போய் உள்ளே இருக்கும் தூள் பலகையை உப்பவைக்கும். உப்பிய பார்ட்டிகிள் போர்டு பழைய நிலைக்குத் திரும்பாது. புது மேசையைத் திறந்ததும் கண்ணை எரிக்கும் நெடி அடித்தால் பலகையின் பசையில் உள்ள ஃபார்மால்டிஹைடு வெளியேறுகிறது என்று சந்தேகிக்கலாம். இ1 அல்லது அதைவிடக் குறைந்த வெளியேற்றத் தரம் குறித்த பலகையா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பாலிஷ் பற்றி ஒரு வார்த்தை. சூடான கோப்பை வைத்த இடத்தில் தோன்றும் வெள்ளை வளையம் மரத்தில் பட்ட கறை அல்ல, பாலிஷ் படலத்துக்குள் சிக்கிய ஈரம். பி.யு. (பாலியூரித்தேன்) பூச்சு இதை நன்றாகத் தடுக்கும். ஆனால் கீறிவிட்டால் முழுப் பரப்பையும் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டிவரும். எண்ணெய் பாலிஷ் சீக்கிரம் கறை பிடிக்கும். ஆனால் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எண்ணெய் தடவி நீங்களே சரிசெய்யலாம். பராமரிக்கப் பொறுமை உள்ளவருக்கு எண்ணெய், இல்லாதவருக்கு பி.யு.

கண்ணாடி என்றால் டஃப்பண்ட் (சூடாக்கி வேகமாகக் குளிரவைத்துப் பலப்படுத்திய) கண்ணாடி மட்டுமே. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கத்தி போன்ற நீளத் துண்டுகள் வரும். டஃப்பண்ட் சிறு மணிகளாக உதிரும். பெரும்பாலும் மூலையில் தரமுத்திரை பொறித்திருக்கும். கண்கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சாய்வாகப் பார்த்தால் டஃப்பண்ட் கண்ணாடியில் புள்ளிகளோ பட்டைகளோ தெரிவதும் உண்டு. சுற்றிலும் சட்டம் தாங்கினால் 6 மி.மீ. போதலாம், நான்கு முனைகளில் மட்டும் தாங்கும் மேசைக்கு 10 அல்லது 12 மி.மீ. கேளுங்கள். எடை கணக்கிடுவது சுலபம்: ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மி.மீ. தடிமனுக்கு 2.5 கிலோ. 120×60 செ.மீ., 10 மி.மீ. கண்ணாடி 18 கிலோ.

டஃப்பண்ட் செய்தபின் அதை வெட்டவோ துளையிடவோ முடியாது; முயன்றால் முழுதும் நொறுங்கும். அதனால் அளவைத் தவறாகச் சொல்லிவிட்டுப் பிறகு ‘ஓரத்தில் கொஞ்சம் வெட்டிக் கொடுங்கள்’ என்று கேட்கும் வாய்ப்பே கிடையாது. அதன் பலம் நடுவில், பலவீனம் ஓரத்தில். தரையில் ஓரம் படும்படி வைத்தாலோ, உலோகக் கால் நேராக உரசினாலோ உடையும். காலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே சிலிகான் குமிழ்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மிக அரிதாக, கண்ணாடிக்குள் சிக்கிய நிக்கல் சல்ஃபைடு துகளால் யாரும் தொடாமலே டஃப்பண்ட் கண்ணாடி வெடிப்பதும் உண்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டு கண்ணாடிகளை நடுப்படலத்தோடு ஒட்டிய லேமினேட் கண்ணாடி கூடுதல் நிம்மதி, உடைந்தாலும் துண்டுகள் ஒட்டியே நிற்கும்.

மார்பிள் வாங்குபவர்கள் வேதியியலை ஒரு வரி தெரிந்துகொண்டால் போதும்: அது கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் கரையும். எலுமிச்சைச் சாறு, வினிகர், குளிர்பானம் சிந்திய இடத்தில் பளபளப்பு போய் மங்கலான தடம் விழும். அது அழுக்கு அல்ல, கல்லே அரிக்கப்பட்ட இடம். எதைக்கொண்டு துடைத்தாலும் போகாது. ‘சீலர் அடித்திருக்கிறோம்’ என்று விற்பவர் சொல்வது பாதி உண்மை. சீலர் கறை ஊறுவதைத் தடுக்கும், அமில அரிப்பைத் தடுக்காது. மார்பிள்தான் வேண்டுமென்றால் மினுக்காத, மங்கல் மெருகு பரப்பை எடுங்கள். தடங்கள் அதில் அவ்வளவாகத் தெரியாது. கிரானைட்டுக்கு இந்தத் தொல்லை அனேகமாக இல்லை. செயற்கைக் குவார்ட்ஸ் பலகையில் பிசின் கலந்திருப்பதால் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை நேராக வைக்கக் கூடாது.

கல்லின் எடையையும் போட்டுப் பாருங்கள். 2 செ.மீ. தடிமனுள்ள பலகை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 54 கிலோ. 120×60 மேசைக்கு மேல்பலகை மட்டும் 39 கிலோ. தரை துடைக்க நகர்த்தும் எண்ணம் இருந்தால் மறந்துவிடுங்கள்.

உலோகக் கால்களில் பவுடர் கோட்டிங் (தூளாகத் தூவிச் சூட்டில் உருக்கிய பூச்சு) பரவலானது. வெல்டிங் செய்த மூலைகளை விரலால் தடவுங்கள். பூச்சு மெலிந்தோ குமிழ் விட்டோ இருந்தால் துரு அங்கேதான் தொடங்கும். குழாய்க்கால்களின் அடிவாய் பிளாஸ்டிக் மூடியால் அடைக்கப்பட்டிருக்க வேண்டும்.

எட்டாம் படி: கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

விற்பனையாளர் பார்க்கிறாரே என்று கூச்சப்பட வேண்டாம். மேசையின் ஒரு மூலையைக் கையால் நன்றாக அழுத்துங்கள். எதிர்மூலை எழும்பக் கூடாது. பிறகு மேல்பலகையைப் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளுங்கள். மேசை ஒரு மரப்பெட்டி போல ஒரே உடம்பாக நகர வேண்டும். கால் ஒருபுறம், பலகை ஒருபுறம் என்று நெளிந்தால் மூட்டுகள் பலவீனம். இந்த நெளிவு நாளாக ஆகக் கூடுமே தவிரக் குறையாது.

மேல்பலகையின் இரு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளங்கள். 3 மி.மீ.-க்கு மேல் வித்தியாசம் வந்தால் சட்டம் கோணியிருக்கிறது. குனிந்து கால் சேரும் இடத்தைப் பாருங்கள். ஒரு கட்டையின் நுனி இன்னொன்றில் வெட்டிய துளைக்குள் இறங்கி உட்காரும் மூட்டு நல்லது. மூலையில் முக்கோணக் கட்டை வைத்துத் தடித்த போல்ட்டால் இறுக்கியதும் நல்லது. வெறும் திருகு மட்டும் பலகைக்குள் போயிருந்தால் யோசியுங்கள்.

டீப்பாய் என்ற பெயரில் டீ இல்லை என்பது இங்கே நினைவுகூரத் தக்கது. மூன்று கால் என்று பொருள்படும் ‘திபாயி’ என்ற இந்திச் சொல் ஆங்கிலத்துக்குப் போய், டீயோடு குழம்பி எழுத்து மாறியது. மூன்று கால் மேசைக்கு ஒரு வரம் உண்டு: எப்படிப்பட்ட மேடுபள்ளத் தரையிலும் ஆடாது. சாபமும் உண்டு: இரண்டு கால்களுக்கு நடுவே ஓரத்தில் அழுத்தினால் கவிழும். கனமில்லாத, சிறிய மேசைக்கு மட்டும் மூன்று கால்.

ஒன்பதாம் படி: வழி

வாசல் அகலத்தை அளக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் உண்டு. ஆனால் டீப்பாய்க்கு வாசல் சிக்கல் ஆவது அபூர்வம். 130×70×42 மேசையைச் செங்குத்தாக நிறுத்தினால் அது 70×42 இடம்தான் கேட்கும். உண்மையான சிக்கல் மேல்பலகையின் எடையும் அதைத் தூக்கும் விதமும். கல்லையும் கண்ணாடியையும் படுக்கைவசமாகத் தூக்கக் கூடாது. சொந்த எடையிலேயே கல் நடுவில் விரிசல் விடும். கதவைத் தூக்குவது போல ஓரம் கீழாக நிறுத்தி, கீழே மெத்தென்ற துணியோ தெர்மகோலோ வைத்துத்தான் இறக்க வேண்டும். மேல்பலகையைத் தனியாகக் கழற்ற முடியுமா, கொண்டுவருபவர்களே மாட்டித் தருவார்களா என்பதைப் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடியை உலோக வட்டுகளால் ஒட்டியிருந்தால் மேசையைக் கண்ணாடியைப் பிடித்துத் தூக்கவே கூடாது, ஒட்டு விட்டுவிடும்.

பத்தாம் படி: வந்து இறங்கியபின்

பெட்டியைப் பிரித்ததும் நான்கு மூலைகளையும் மேல்பரப்பையும் வெளிச்சத்துக்கு எதிராகச் சாய்த்துப் பாருங்கள். கொண்டுவந்தவர்கள் கிளம்புமுன் குறையைப் படமெடுத்துவிடுங்கள். நீங்களே பூட்டும் மேசை என்றால் எல்லாக் கால்களையும் தளர்வாக மாட்டி, சமதரையில் நிமிர்த்தி வைத்து, அதன்பின் எதிரெதிர் மூலைகளாக இறுக்குங்கள். முதல் காலை முழுதாக இறுக்கிவிட்டால் கடைசிக் காலின் துளை ஒத்துவராது. தூள் பலகையில் மின்திருகி வேண்டாம். ஒரு சுற்று அதிகமானால் துளை வழுக்கிவிடும், பிறகு அந்தத் திருகு எப்போதும் பிடிக்காது.

மேசை ஆடினால் உடனே காலைக் குறை சொல்லாதீர்கள். 90 பாகை திருப்பி வைத்துப் பாருங்கள். அதே கால் எழும்பினால் மேசையின் குறை. வேறு கால், ஆனால் தரையில் அதே இடத்தில் எழும்பினால் தரையின் குறை. இரண்டாவதற்கு, திருகி உயர்த்தும் பாதம் போட்டால் தீர்ந்தது.

ஈரத்துணியால் துடைக்கும் தரையில் மரக்காலை வெறுமனே வைக்கக் கூடாது. காலின் அடிவெட்டு, தண்ணீரை உறிஞ்சும் குழாய்க் கொத்து போன்றது. அடியில் கறுத்துப் பிறகு உளுத்துப்போகும். நைலான் பாதம் அடித்துவிடுங்கள். ஒட்டும் கம்பளித் துண்டு உலர்ந்த தரைக்கு நல்லது. ஆனால் அதில் மணல் துகள் ஏறினால் அதுவே உப்புத்தாளாகித் தரையைக் கீறும். மாதம் ஒருமுறை திருப்பிப் பார்த்து, அழுக்கேறியதை உரித்துப் புதிதாக ஒட்டுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து எல்லாத் திருகுகளையும் மறுபடி கால்வாசிச் சுற்று இறுக்குங்கள். அதற்குள் மரமும் பலகையும் அந்த அறையின் ஈரத்துக்குப் பழகி, மூட்டுகள் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.